எஸ்.எஃப்.ஐ 170 காட்டியும் ரொறன்ரோ ஏன் கேட்கவில்லை?

கேள்வி சுருக்கமாக இது. திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் ஒரு தம்பி, புதிதாக ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமமும் இலங்கைக்குரிய 4எஸ்7 அழைப்புக்குறியும் எடுத்தவர். பின்னேரம் ஆறு, ஆறரைக்கு 15 மீற்றர் பேண்டில், அதாவது 21 மெகாஹேர்ட்ஸில், ரொறன்ரோவில் உள்ள தன் மாமாவோடு கதைக்கப் பார்க்கிறார். மாமாவும் அங்கே உரிமம் வைத்திருப்பவர். போன கிழமை இருவரும் வடிவாகக் கதைத்தார்கள். இந்தக் கிழமை ஒன்றும் இல்லை. ஃபோன் ஆப்பில் எஸ்.எஃப்.ஐ, அதாவது சூரியன் எவ்வளவு உசாராக இருக்கிறது என்று காட்டும் எண், 170. 15 மீற்றருக்குப் பச்சை நிறத்தில் 'நல்லது' என்று காட்டுகிறது. பூமியின் காந்தப் புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று காட்டும் கே சுட்டெண் மட்டும் 5. அதே நேரத்தில் அவுஸ்திரேலியாவின் பேர்த்தில் இருந்து ஒருவர் கணீரென்று வருகிறார். "அன்ரெனாவில் பிழையா, சூரியனில் பிழையா?" என்று கேட்கிறார்.

அன்ரெனாவைக் கழற்ற வேண்டாம். பேர்த் அப்படி வந்தால் உங்கள் கம்பி, கோஆக்ஸ் கேபிள், ரேடியோ மூன்றும் வேலை செய்கின்றன. சூரியனிலும் பெரிய பிழை இல்லை. நீங்கள் கதைக்கப் பார்த்த பாதைதான் அன்றைக்கு அடைபட்டிருந்தது. அந்தப் பச்சை நிறத்துக்கு நீங்கள் எந்தப் பக்கம் கதைக்கப் போகிறீர்கள் என்பது தெரியாது, நீங்கள் திருகோணமலையில் இருக்கிறீர்கள் என்பதும் தெரியாது. அந்த ஆப்களில் வரும் 'நல்லது', 'மோசம்' எல்லாம் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருப்பவர்களின் அனுபவத்தை வைத்துப் போட்டவை. காந்த நடுக்கோட்டை ஒட்டி இருக்கிற நாம் அவற்றை வேறு மாதிரி வாசிக்க வேண்டும். சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் அப்படி என்பதற்குக் கொஞ்சம் விரிவாகப் போவோம்.

முதலில் அந்த 170. கனடாவின் பென்டிக்டனில் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 10.7 சென்ரிமீற்றர் அலைநீளத்தில், அதாவது 2800 மெகாஹேர்ட்ஸில், சூரியன் எவ்வளவு இரைகிறது என்று அது நாள்தோறும் அளக்கிறது. அங்கே மத்தியானம் எடுக்கும் அளவுதான் அன்றைய எண். நமக்கு அப்போது அதிகாலை ஒன்றரை மணி. சூரியன் அடங்கிக் கிடக்கும் ஆண்டுகளில் இது 70ஐ ஒட்டி நிற்கும், உச்ச ஆண்டுகளில் 200ஐத் தாண்டும். இதில் கவனிக்க வேண்டியது, நம் சிற்றலைகளைத் திருப்பி நிலத்துக்கு அனுப்பும் மேல்வானத்து மின்மப் படலமான அயனமண்டலத்தை அந்த 2800 மெகாஹேர்ட்ஸ் அலை ஒன்றும் செய்வதில்லை என்பது. அது ஊடுருவி நேரே நிலத்துக்கு வந்துவிடும். அயனமண்டலத்தை உண்டாக்குவது கடும் புறஊதாக் கதிர். அது மேலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால் நிலத்தில் நின்று அளக்க முடியாது. இரண்டும் சேர்ந்தே கூடிக் குறைவதால் ஒன்றை அளந்து மற்றதை ஊகிக்கிறோம். அதனால் ஒரே நாளில் 150 இருந்தது 175 ஆனதென்று துள்ள ஒன்றுமில்லை. நாலைந்து நாள் தொடர்ந்து உயர்ந்து நின்றால்தான் உயர்ந்த பேண்டுகளில் (10, 15 மீற்றர் போல, மீற்றர் குறைந்து அதிர்வெண் கூடியவற்றில்) வித்தியாசம் தெரியும்.

இந்த எண்ணின் பின்னால் இருப்பது ஏறத்தாழ 11 ஆண்டுச் சூரியப்புள்ளிச் சுழற்சி. இப்போது ஓடுவது 25ஆவது சுழற்சி. 2019 டிசம்பரில் தொடங்கி 2024 ஒக்டோபரில் உச்சம் தொட்டது. அப்போது சூரியப்புள்ளி எண்ணின் சீராக்கிய சராசரி 161ஐ ஒட்டி இருந்தது. அதற்கு முந்தைய சுழற்சி 2014இல் 116தான் எட்டியது. 1958இல் 285 வரை போயிருக்கிறது. அந்தக் காலத்தில் சிலோன் ரேடியோவைத் தமிழ்நாட்டில் சிற்றலையில் கேட்டுப் பழகியவர்கள் எவ்வளவு நல்ல வானத்தின் கீழ் இருந்தார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

இனி அந்த கே. உங்கள் பிரச்சினை இதில்தான் இருக்கிறது.

சூரியனில் இருந்து நமக்கு வரும் தொல்லைகள் ஒரே வேகத்தில் வருவதில்லை. ஒளியும் எக்ஸ் கதிரும் எட்டு நிமிடத்தில் வந்துவிடும். சூரியன் வீசியெறிகிற மின்மப் பொதி, அதைத்தான் சி.எம்.இ என்கிறார்கள், மிக வேகமானது என்றால் ஒரு நாளுக்குள்ளும், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளிலும் வந்து சேரும். அது பூமியின் காந்தப் புலத்தில் மோதி உலுக்குவதுதான் புவிகாந்தப் புயல். மோதினால் மட்டும் போதாது. அந்தப் பொதி கொண்டுவரும் காந்தப் புலம் தெற்கு நோக்கித் திரும்பியிருந்தால்தான் பூமியின் கதவு திறக்கும். வடக்கு நோக்கி இருந்தால் பெரிய சி.எம்.இகூடச் சத்தமில்லாமல் கடந்துவிடும். முன்னறிவிப்புகள் அடிக்கடி பொய்ப்பது இதனால்தான். வருகிற நேரத்தை ஓரளவு சொல்லலாம், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை அது நம்மிடமிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் நிற்கும் செய்மதியைத் தொடும்போதுதான் உறுதியாக அறியலாம். அப்போது நமக்கு மிச்சம் இருப்பது ஒரு மணித்தியாலம் அளவில்தான்.

கே சுட்டெண் அந்த உலுக்கலின் அளவு. மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு எண், 0 முதல் 9 வரை. 5 வந்தால் புயல், ஜி1 தரம். 9 என்றால் ஜி5. உலகம் முழுமைக்குமான அந்த எண்ணை 13 காந்த நிலையங்களின் பதிவிலிருந்து எடுக்கிறார்கள். அந்தப் பதின்மூன்றும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும், மிச்சம் அவுஸ்திரேலியா நியூசிலாந்துப் பக்கத்திலும் இருக்கின்றன. ஆசியாவில் ஒன்றுகூட இல்லை. துருவங்களைச் சுற்றித் துருவ ஒளி தோன்றும் வளையமான துருவ ஒளி வட்டத்துக்குச் சற்று வெளியே உள்ள இடங்களை வேண்டுமென்றேதான் தெரிந்தெடுத்தார்கள், உலுக்கல் அங்கேதான் தெளிவாகத் தெரியும் என்று. ஆகவே கே 5 என்பது அந்தப் பக்கத்து வானத்தைப் பற்றிய செய்தி. நம் தலைக்கு மேல் என்ன நடக்கிறது என்பதை அது நேரடியாகச் சொல்வதில்லை.

அப்படியானால் உங்களுக்கு ஏன் அடி விழுந்தது? ஒரு பூமி உருண்டையை எடுத்து, திருகோணமலையில் ஒரு நூலின் நுனியை வைத்து, மற்ற நுனியை ரொறன்ரோவில் வைத்து இழுத்துப் பிடித்துப் பாருங்கள். தட்டையான வரைபடத்தைப் பார்த்துப் பழகியவர்கள் நூல் அரபுநாடு, ஐரோப்பா, அத்திலாந்திக் என்று மேற்கே போகும் என்று நினைப்பார்கள். போகாது. இங்கிருந்து திசைகாட்டியில் 343 பாகையில், ஏறத்தாழ நேர் வடக்கே கிளம்பி, ரஷ்யாவைக் கடந்து, நோர்வேக்கு அப்பால் உள்ள கடலில் வட அகலக்கோடு 73 வரை ஏறி, கிரீன்லாந்தின் மேலால் இறங்கி ரொறன்ரோவுக்குப் போகும். அதாவது துருவ ஒளி வட்டத்தை நேரே குத்திக்கொண்டு. புயல் நேரத்தில் அங்கே இரண்டு காரியம் நடக்கிறது. மேலே, அலையைத் திருப்பி அனுப்பும் எஃப் அடுக்கு மெலிந்து, அது திருப்பக்கூடிய உச்ச அதிர்வெண் விழுகிறது. கீழே மின்மத் துகள்கள் கொட்டுவதால் அலையை உறிஞ்சும் படலம் தடிக்கிறது. மேல் பேண்டுக்குப் போனால் அலை திரும்பி வராது, கீழ் பேண்டுக்குப் போனால் உறிஞ்சப்படும். இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டு நடுவில் ஒரு பேண்டும் மிஞ்சாமல் போகிறது. கொஞ்சம் மிஞ்சினாலும் சமிக்ஞை நடுநடுங்கி, குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது மாதிரி இருக்கும்.

லண்டனுக்கு நூலைப் பிடித்தால் கதை வேறு. 321 பாகையில் கிளம்பி, பாதையின் மிக உயர்ந்த இடமே லண்டன்தான், 51 பாகை. கே 5 வந்த அன்று லண்டனை அழைத்திருந்தால் பெரும்பாலும் கிடைத்திருக்கும். கே 7, 8 ஆனால் அதுவும் கைவிடும். பேர்த்துக்குப் போகும் பாதை துருவ ஒளி வட்டத்தின் பக்கமே போவதில்லை, அதனால் அவர் கணீரென்று வந்தார். நெடும்பாதையில், எதிர்ப்பக்கமாகச் சுற்றி ரொறன்ரோவைப் பிடிக்கலாமா என்று கேட்டால், அது தெற்கே 163 பாகையில் போய் அண்டார்க்டிக்காவைக் குறுக்கே வெட்டும். அங்கேயும் ஒரு துருவ ஒளி வட்டம் இருக்கிறது, அதுவும் அதே நேரம்தான் கொந்தளிக்கும். புயலில் ரொறன்ரோவுக்குச் சுற்றுவழி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம் வானம். எனக்குப் பிடித்த பகுதி இது.

புவியியல் நடுக்கோடு நமக்குத் தெற்கே 950 கிலோமீற்றர் தள்ளிக் கடலில் கிடக்கிறது. ஆனால் காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் காந்த நடுக்கோடு நம் தீவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது, திருகோணமலை அதை ஒட்டி இருக்கிறது. இதே கோடு கேரளக் கரையைத் தொடும் இடத்தை ஒட்டியிருப்பதால்தான் 1963இல் இந்தியா தன் முதல் ஆய்வு ரொக்கெட்டைத் தும்பாவிலிருந்து ஏவியது. நமக்கு அந்தச் சிறப்பான வானம் சும்மா கிடைத்திருக்கிறது.

பகலில் இந்தக் கோட்டுக்கு மேலே, 105 கிலோமீற்றர் உயரத்தில், கிழக்கு நோக்கி ஒரு பெரிய மின்னோட்டம் ஓடுகிறது. அதை ஓட்டுகிற அதே கிழக்கு நோக்கிய மின்புலம், பூமியின் கிடையான காந்தப் புலத்தோடு சேர்ந்து, எஃப் அடுக்கில் உள்ள மின்மங்களை நேரே மேலே தூக்குகிறது. தூக்கப்பட்டவை பிறகு காந்தக் கோடுகள் வழியே வடக்கும் தெற்குமாகச் சரிந்து, காந்த நடுக்கோட்டில் இருந்து இரண்டு பக்கமும் 15 பாகை அளவில் குவிகின்றன. அதனால் மத்தியானத்துக்குப் பிறகு நம் தலைக்கு நேர் மேலே இருப்பதைவிட, வடக்கே மத்திய இந்தியாவுக்கு மேலும் தெற்கே இந்து சமுத்திரத்துக்கு மேலும்தான் மின்மம் மிக அடர்த்தி. அப்பிள்டன் கண்ட வினோதம் என்று இதைச் சொல்வார்கள்.

இது நமக்கு நட்டம் என்றுதான் முதலில் தோன்றும். கணக்கைப் பாருங்கள். தாழ்ந்த கோணத்தில் கிளம்பும் நம் சமிக்ஞை எஃப் அடுக்கைத் தொடுவது இங்கிருந்து 1500 முதல் 2000 கிலோமீற்றர் தள்ளி. பதினைந்து பாகை என்பது 1650 கிலோமீற்றர். அதாவது வடக்கே அனுப்பினாலும் தெற்கே அனுப்பினாலும், நம் முதல் தாவல், அதாவது அலை வானத்தில் பட்டு நிலத்துக்குத் திரும்பும் முதல் பாய்ச்சல், போய்ப் படுவது அந்த அடர்ந்த குவியலில்தான். இங்கிலாந்தில் இருப்பவருக்கு 10 மீற்றர் திறக்க எஸ்.எஃப்.ஐ 130, 150 வேண்டும் என்றால், நமக்கு அதைவிடக் குறைந்த எண்ணிலும் பின்னேரங்களில் திறப்பது இதனால்தான். சூரியச் சுழற்சி கீழே இறங்கிவிட்டது, இனி 10 மீற்றர் இல்லை என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் ஒப்பாரி வைக்கும்போது நாமும் சேர்ந்து அழவேண்டியதில்லை.

புயல் வந்தால் இந்தக் குவியலுக்கு என்ன நடக்கும்? இரண்டு கட்டம். புயல் தொடங்கிய உடனே, நிமிடக் கணக்கில், துருவப் பக்கத்து மின்புலம் நடுக்கோடு வரை ஊடுருவுகிறது. அது நமக்குப் பகலில் நடந்தால் தூக்கல் கூடும். குவியல்கள் இன்னும் பலத்து, துருவங்களை நோக்கித் தள்ளிப்போகும், தலைக்கு மேல் அடர்த்தி இறங்கும். 10 மீற்றரிலும் 6 மீற்றரிலும் எதிர்பாராத திறப்புகள் வருவது இந்தக் கட்டத்தில்தான். அடுத்த கட்டம் பல மணித்தியாலம் கழித்து. துருவப் பக்கத்தில் சூடேறிய மேல்வளி நடுக்கோட்டை நோக்கி வீசத் தொடங்க, அது உண்டாக்கும் மின்புலம் பகலில் மேற்கு நோக்கி இருக்கும். தூக்கல் சோர்ந்துவிடும். குவியல்கள் வடிய, தலைக்கு மேலே நிரம்பும். ஆகவே புயலுக்கு அடுத்த நாள் 10 மீற்றர் சோம்பிக் கிடந்தாலும், 40 மீற்றரில் யாழ்ப்பாணமும் கொழும்பும் பகலில் வழக்கத்தைவிட நன்றாக வரக்கூடும். எந்த ஆப்பும் இதைப் பச்சையாகக் காட்டாது. எல்லாப் புயலும் இந்தப் புத்தக ஒழுங்கில் நடப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நமக்கு எத்தனை மணிக்கு அடி விழுகிறது என்பதைப் பொறுத்துப் பாதி கதை மாறும்.

நமக்கே உரிய தொல்லை ஒன்று இருக்கிறது, அதற்குப் புயலே வேண்டியதில்லை. பொழுதுபட்டதும் எஃப் அடுக்கின் அடிப்பகுதி கரையும், மேல்பகுதியோ இன்னும் ஒருதரம் தூக்கப்படும். கனமானது மேலே, இலேசானது கீழே என்றாகிவிடுகிறது. அப்போது அடியில் இருந்து வெறுமையான குமிழிகள் கிளம்பி அடுக்கைக் கிழித்துக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் மேலே போகின்றன. இரவு ஏழரை, எட்டில் இருந்து நடுச்சாமம் வரை இந்தக் கூத்து. பங்குனி, சித்திரையிலும் புரட்டாதி, ஐப்பசியிலும் அதிகம், சூரியன் உசாராக இருக்கும் ஆண்டுகளில் இன்னும் அதிகம். 15 மீற்றரில் சமிக்ஞை பலமாக இருக்கும், ஆனால் படபடவென்று துடிக்கும். சமிக்ஞையின் பலத்தைக் காட்டும் எஸ் மீற்றர் 9 காட்டும், கணினி வழியாகச் செய்தி வாசிக்கும் எஃப்.ரி.8 முறை ஒன்றையும் அவிழ்த்துத் தராது. ரேடியோ பழுது என்று பலர் நினைப்பது இந்த நேரத்தில்தான். அந்த வேளைகளில் மீன்பிடிப் படகுகளின் ஜி.பி.எஸ் இடம் தவறிக் காட்டுவதற்கும் இதே குமிழிகள் ஒரு காரணம். புயலின் முதல் கட்டம் நம் அஸ்தமன நேரத்தோடு சேர்ந்தால் குமிழிகள் பெருக்கும். அடுத்த நாள் இரவோ பெரும்பாலும் அடங்கிவிடும். கே உயர்ந்த மறுநாள் இரவு பேண்ட் அதிசயமாகத் தெளிந்து கிடப்பதை நான் கவனித்திருக்கிறேன், பலர் அதைப் புயல் முடிந்துவிட்டது என்று தவறாக எடுத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது எதிரி ஃபிளேர், சூரிய வெடிப்பு. இது கேயில் தெரியாது, எஸ்.எஃப்.ஐயிலும் தெரியாது. ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று தரம் பிரிப்பார்கள், ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பத்து மடங்கு. எம் தரத்தின் மேல்பாதியும் எக்ஸ் தரமும்தான் நமக்குக் கவலை. அதன் எக்ஸ் கதிர் எட்டு நிமிடத்தில் வந்து, 60 முதல் 90 கிலோமீற்றர் உயரத்தில் உள்ள டி அடுக்கைத் தடிப்பாக்கும். டி அடுக்கு அலையைத் திருப்பாது, விழுங்கத்தான் செய்யும். தாழ்ந்த அதிர்வெண் முதலில் சாகும், கடைசியில் உயிர்க்கும். உயர்ந்த பேண்டுகள் முதலில் மீளும். அரை மணியில் இருந்து ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் எல்லாம் சரியாகிவிடும். சூரியன் தெரியும் பக்கம் மட்டும்தான் இது. சூரியன் எவ்வளவு உச்சியில் நிற்கிறதோ அவ்வளவு பலமாக அடிக்கும். இங்கே சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வரும். அந்த நாட்களின் மத்தியானத்தில் ஒரு எக்ஸ் தர வெடிப்பு வந்தால் நம்மைவிட மோசமாக அடிபடும் ஆள் உலகத்தில் இல்லை. ஆனால் நேரம் தப்பினால் தப்பிவிடுவோம். 25ஆவது சுழற்சியின் பெரிய வெடிப்புகளில் ஒன்றான எக்ஸ் 9.0, 2024 ஒக்டோபர் 3 அன்று நம் நேரம் 5.48க்கு உச்சம் தொட்டது. இங்கே அப்போது சூரியன் சாய்ந்து அடிவானத்தில். அடி விழுந்தது ஆபிரிக்காவுக்கும் அத்திலாந்திக் பக்கத்துக்கும். அதே ஆண்டு மே 14இன் எக்ஸ் 8.7 நமக்கு இரவு பத்து மணிக்குப் பிறகு. ஒன்றும் தெரியவில்லை.

அடையாளம் ஒன்று சொல்கிறேன். ஃபிளேர் வந்தால் நிலையங்கள் மட்டும் மறையாது, பின்னணி இரைச்சலும் சேர்ந்து விழும். தூரத்து இடிமின்னலின் கரகரப்பும் அயனமண்டலம் வழியாக வருவதுதானே, அதையும் டி அடுக்கு விழுங்கிவிடும். பேண்ட் திடீரென்று அமைதியாகிவிட்டால் வானம். இரைச்சல் அப்படியே இருக்க நிலையங்கள் மட்டும் இல்லை என்றால் பாதை. இரைச்சல் கூடிவிட்டால் அநேகமாகப் பக்கத்து வீட்டு எல்.ஈ.டி பல்பு.

ஃபிளேருக்கும் புயலுக்கும் வைத்தியம் எதிரெதிர். ஃபிளேரில் மேல் பேண்டுக்கு ஏறுங்கள், புயலில் கீழ் பேண்டுக்கு இறங்கிப் பாருங்கள். ஒரு விதிவிலக்கு, உள்ளூர்த் தொடர்பு. திருகோணமலைக்கும் கொழும்புக்கும் நேர்கோட்டில் 240 கிலோமீற்றர்தான். இந்தத் தூரத்துக்கு அலையைச் செங்குத்தாக மேலே அனுப்பி இறக்க வேண்டும், அதற்குப் பகலில் 40 மீற்றர்தான் கை கொடுக்கும். ஃபிளேரில் அது செத்தால் 15க்கு ஏறிப் பிரயோசனம் இல்லை, செங்குத்தாகப் போன 21 மெகாஹேர்ட்ஸ் திரும்பாமல் விண்வெளிக்குப் போய்விடும். அப்போது வானத்தை நம்பாமல் சமிக்ஞையை வாங்கித் திரும்ப அனுப்பும் வி.எச்.எஃப் ரிப்பீட்டர் நிலையம் கிடைத்தால் பாருங்கள், இல்லாவிட்டால் காத்திருங்கள். இது பொழுதுபோக்குக் கவலை மட்டும் அல்ல. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தொலைபேசிகள் விழுந்தபோது அம்பாந்தோட்டையையும் கொழும்பையும் இணைத்தது நம் நாட்டு ஹாம்களின் சிற்றலைதான். அந்தமானில், அப்போது தற்செயலாகப் போர்ட் பிளேரில் நிலையம் போட்டிருந்த பாரதி பிரசாத் அதே வேலையைச் செய்தார். அவசரத் தொடர்புக்குத் திட்டம் போடுகிறவர்கள் ஒரு அதிர்வெண்ணை மட்டும் எழுதி வைக்கக்கூடாது என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

பெரிய புயல் எப்படி இருக்கும் என்றால், 2024 மே 10, 11ஐ எடுங்கள். 2003 ஒக்டோபருக்குப் பிறகு வந்த முதல் ஜி5. லடாக்கின் ஹான்லே வான் ஆய்வகக் கமெராவில்கூடச் சிவப்புத் துருவ ஒளி பதிவானது. அந்த மாதிரி நாளில் வடக்கு நோக்கி அழைப்பது வீண் வேலை. ஆனால் அப்படிப்பட்டவை ஒரு சுழற்சியில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. உங்களை அடிக்கடி தொந்தரவு செய்யப்போவது கே 4, 5 அளவிலான சின்னப் புயல்கள். சுழற்சி இறங்குமுகத்தில் சூரியனின் வளிமண்டலத்தில் கரோனா துளைகள் பெரிதாகி, அவற்றிலிருந்து வேகமான சூரியக் காற்று பீறிட்டு வரும். சூரியன் தன்னைத்தானே சுற்ற, பூமியில் இருந்து பார்க்கும்போது 27 நாள் எடுக்கும். ஆகவே ஒரு துளை உங்களை இன்றைக்கு உலுக்கினால், 27 நாளில் திரும்ப வந்து உலுக்க நல்ல வாய்ப்பு உண்டு. நாட்காட்டியில் குறித்து வையுங்கள், இது எந்த ஆப்பையும்விடப் பயன்படும்.

எண்களைப் பார்ப்பதைவிடக் காதால் கேட்பது மேல். அதற்கு உலகம் முழுக்க, தன் அடையாளத்தை மட்டும் முறைவைத்து ஒலிபரப்பும் 18 பீக்கன் நிலையங்கள் போட்டிருக்கிறார்கள். 14.100, 18.110, 21.150, 24.930, 28.200 மெகாஹேர்ட்ஸ் ஐந்திலும், ஒவ்வொன்றும் பத்து விநாடி, மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று. முதலில் மோர்ஸில் தன் அழைப்புக்குறி, பிறகு நாலு நீண்ட கோடு. முதல் கோடு 100 வோட், அடுத்தது 10, பிறகு 1, கடைசியில் பத்தில் ஒரு வோட். எத்தனை கோடு உங்கள் காதுக்கு எட்டுகிறது என்று எண்ணினால் பாதை எவ்வளவு நல்லது என்று கையில் கிடைத்த மாதிரி. கொழும்பிலும் ஒன்று இருக்கிறது, 4எஸ்7பி. ஆனால் பக்கத்தில்தானே என்று அதை 21.150இல் தேடாதீர்கள், நாம் அதன் தாவல் இடைவெளிக்குள், அதாவது அலை நம் தலையைத் தாண்டிப் போய் விழும் பகுதிக்குள், இருக்கிறோம். பதினெட்டும் எப்போதும் ஒலிபரப்பில் இருக்கும் என்றும் இல்லை, ஒன்றிரண்டு பழுதாகிக் கிடக்கும்.

உங்களுக்கு வேண்டியது நியூயோர்க்கில் ஐ.நா. கட்டடத்தில் உள்ள 4யூ1யூஎன். அதன் பாதை 67 பாகை வரை ஏறுகிறது, ரொறன்ரோவின் பாதைக்குப் பக்கத்தில்தான். கூடவே பின்லாந்தின் ஓஎச்2பியையும் பேர்த்தின் விகே6ஆர்பிபியையும் கேளுங்கள். மூன்றும் வந்தால் மாமாவை அழைக்கலாம். பேர்த் நாலு கோட்டோடு வந்து, பின்லாந்து நடுங்கி, நியூயோர்க் இல்லையென்றால் புயல். எல்லாமே சத்தமில்லாமல் போய், அதுவும் பகல் என்றால், ஃபிளேர்.

புயல் அடங்கினாலும் வடக்கு வானம் தேற ஒன்று அல்லது இரண்டு நாள் எடுக்கும், கே 2க்கு இறங்கிய அன்றைக்கே ஓடிப்போய் ஏமாறாதீர்கள். பங்குனி, புரட்டாதி மாதங்களில் புயல்கள் கூடுதலாக வருவதும் வழக்கம். அதுவரை மாமாவோடு வாட்ஸ்அப்பில் கதையுங்கள், லண்டனையும் நைரோபியையும் பேர்த்தையும் ரேடியோவில் பிடியுங்கள். கே இரண்டு நாள் 2ஐத் தாண்டாமல் நின்ற பிறகு, பின்னேரம் ஆறு மணிக்கு 21.150இல் ஒரு சுற்றுக் கேட்டுவிட்டு, நியூயோர்க்கின் இரண்டு கோடாவது வந்தால் 15 மீற்றரில் அழையுங்கள். ஒரு கோடுதான் என்றால் 17 மீற்றரை முதலில் பாருங்கள். மாமா அங்கே காலை எட்டரைக்கு முதல் ரேடியோவைப் போட்டுவிட வேண்டும். கனடாவில் குளிர்கால நேரம் மாறினால் அது ஏழரை ஆகும் என்பதை மட்டும் அவருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.